இரும்புக் கவட்டை

கழுத்துக்குப் பின்னால் வந்து நின்ற இரும்புக் கவட்டை சில்லென்றிருந்தது. அதன் இரண்டு விரல்களும் டார்கஸின் காதுகளுக்குக் கீழே தலை அசையாதபடி மண்டையைக் கவ்விக்கொண்டன. கவட்டையைத் தாங்கும் கம்பி அவள் பாவாடைக்குப் பின்னால் தரைவரை போயிற்று. படத்தில் அது தெரியாது என்று படமெடுக்கும் மிஸ்டர் க்ரோவ் சொன்னார். "நல்லா சாய்ஞ்சுக்கோங்க மிஸஸ் வின்டன். மிச்சத்தை அது பார்த்துக்கும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம், செய்யாம இருந்தாப் போதும்." செய்யாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழகிய வேலைதான். கணவர் எழுதும்போது நாற்காலியை இழுக்காமல், சட்டியில் கரண்டி படாமல், மாடிப்படியில் முனகும் அந்த ஒரு பலகையை மிதிக்காமல் இருந்து பழகியவள். துறைமுகத் தெருவில் இதுதான் உயரமான கட்டடம். உச்சி மாடியின் கூரையில் பாதி கண்ணாடி, அதன்மேல் அக்டோபர் மேகம் கனத்துக் கிடந்தது. நடுவில் நாற்காலியில் அவள் கணவர் ஜோசையா வின்டன், நாவலாசிரியர், கையில் மூடிய புத்தகம். அவர் காலடியில் குட்டை ஸ்டூலில் மகள் லிடியா, அப்பாவின் முழங்காலில் கன்னத்தைச் சாய்த்து, முகம் பக்கவாட்டுச் சன்னலைப் பார்த்தபடி. பின்னால் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள் டார்கஸ். இப்படி உட்கார வேண்டும், இப்படி நிற்க வேண்டும் என்று எல்லாம் அவர் ஏற்பாடு. அவருடைய புதுக்கதையில் ஓர் இடத்தில் நோயாளிச் சிறுமி ரூத் இப்படித்தான் அப்பாவின் முழங்காலில் தலைவைத்து வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாஸ்டன் பதிப்பாளர் புத்தகத்தின் முகப்புக்கு ஒரு படம் கேட்டிருந்தார். க்ரோவ் படம் பிடிக்கும் வெள்ளித் தட்டைப் பார்த்து ஒருவர் எஃகில் செதுக்குவார், அச்சு எடுப்பார்கள், அப்புறம் முன்பின் தெரியாத வீடுகளில் எல்லாம் லிடியா அலமாரிகளில் இருப்பாள். லிடியா இல்லை, ரூத். டார்கஸ் தன்னைத் திருத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் அடிக்கடி திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"மூக்கு அரிச்சா இப்பவே சொறிஞ்சுக்கோங்க," என்றார் க்ரோவ், கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து. "கண்ணைக் கொட்டலாம், தட்டு அதைக் கண்டுக்காது. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. மேகம் இருக்கிறதால கொஞ்சம் அதிக நேரம் தாக்குப்பிடிக்கணும். பாப்பா, நீ மட்டும் இருமாம இருந்துட்டா உனக்கு ஒரு இஞ்சி மிட்டாய்."

"இஞ்சி தின்னா எனக்கு இருமல் வரும்," என்றாள் லிடியா.

"அப்ப இருமின பிறகு தர்றேன்."

லிடியா சிரித்தாள். க்ரோவ் படப்பெட்டியின் கண்ணிலிருந்து பித்தளை மூடியை எடுத்தார்.

அந்தச் சிரிப்பின் மிச்சம் இன்னும் குழந்தையின் நெஞ்சில் இருக்கும், அது கரகரவென்று மேலே ஏறும், ஏறக்கூடாது, ஏறக்கூடாது என்று டார்கஸ் நினைத்துக்கொண்டாள். தலையை அசைக்க முடியாது. கண்ணைத் தாழ்த்தினால் லிடியாவின் வகிடு மட்டும் தெரிந்தது, காலையில் எண்ணெய் தொட்டு அவள் எடுத்த வகிடு, வெள்ளைக் கோடு. முகம் தெரியவில்லை. படப்பெட்டிக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக ஒரு சின்ன சோபா கிடந்தது, பச்சை வெல்வெட், பெரியவர்கள் யாரும் உட்கார முடியாத அளவில் சின்னது. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். படப்பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதபடி பனி பெய்தால் இறந்துபோன பிள்ளைகளை இங்கேயே தூக்கிக்கொண்டு வருவார்கள், போர்வைக்குள் வைத்து, தூங்குவதுபோல் படுக்கவைத்துப் படம் எடுப்பார் க்ரோவ். அவர்களுக்குக் கவட்டை தேவைப்படாது. ஏசாவுக்கு அப்படி ஒரு படம்கூட இல்லை, அப்போது க்ரோவ் இந்த ஊருக்கு வரவில்லை. ஏசா முதல் பிள்ளை. சிவப்புக் காய்ச்சலில் போனவன். அவன் முகம் அவளுக்கு இப்போது துண்டு துண்டாகத்தான் வருகிறது, காது வரும், பின்னங்கழுத்து வரும், வாய் வராது. நன்றாக நினைவில் நிற்பது கட்டிலின் மறுபக்கம் நின்ற ஜோசையாவின் வாய்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தாள், அவ்வளவு துக்கத்திலும் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது, பிரசங்கியார் மகன், ஆனாலும் ஜெபிக்கத் தெரியாதவர், கடைசியில் ஜெபிக்கிறாரே என்று. இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகையில் வந்தது. கட்டிலோரத்தில் அவர் முணுமுணுத்தது எல்லாம் வரிகள். இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். அதற்கு முன் அவர் எழுதிய மூன்று கடல் நாவல்களையும் சுங்கக் கிடங்கில் அவரோடு வேலை பார்த்தவர்கள்கூட வாங்கவில்லை. இறந்த மகனைப் பற்றிய அந்த ஒரு பக்கத்துக்காக முன்பின் தெரியாத பெண்கள் அழுதார்கள், பாஸ்டனிலிருந்து ஆள் வந்தது. அவரைக் குறை சொல்லவும் அவளால் முடியவில்லை, அவரும் அழுதுகொண்டேதான் எழுதினார், தாள் நனைந்திருந்ததை அவளே பார்த்தாள். அழுதுகொண்டே ஒரு மனிதன் கற்றுக்கொள்ளவும் செய்வான் என்பது அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. லிடியாவுக்கு வசந்தத்தில் முதல் இருமல் வந்தபோது அவர் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாரந்தோறும் பத்திரிகையில் ரூத் வர ஆரம்பித்தாள். மீன்காரி கேட்கிறாள், போதகர் மனைவி கேட்கிறாள், தபால்காரர் கேட்கிறார், இந்த வாரம் ரூத் எப்படி இருக்கா மிஸஸ் வின்டன், பிழைச்சுக்குவாளா, உங்க கிட்டயாவது சொல்லியிருப்பாரே. லிடியாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே கேட்கிறார்கள். ஓஹையோவிலிருந்தும் மெய்னிலிருந்தும் ரூத்துக்கு மருந்துப் பொட்டலங்கள் வருகின்றன, வாத்துக் கொழுப்பு, மரப்பட்டைத் தூள், மார்பில் கட்டிக்கொள்ள ஒரு கிழவி நெய்து அனுப்பிய சிவப்புக் கம்பளித் துணி. டார்கஸ் ஒன்றையும் வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் லிடியாவுக்குப் போட்டாள். "ரூத்துக்கு வந்த கஷாயம் எனக்கு ஏம்மா கசக்குது?" என்று கேட்டது குழந்தை. இப்போது அந்தச் சிவப்புத் துணி பயணப் பெட்டியில் மேலாக மடித்து வைத்திருக்கிறது, கப்பலில் குளிரும், நாளைக்குக் கேப்டன் பெல்லின் கப்பல் ஏறும்போது...

லிடியா இருமினாள். முதலில் மூடிய வாய்க்குள், அப்புறம் தோளெல்லாம் குலுங்க.

"போச்சு," என்றார் க்ரோவ், மூடியைப் போட்டபடி. குரலில் கோபம் இல்லை. "பரவாயில்லை பாப்பா. துறைமுகத்தில பெரிய பெரிய ஆளுங்களே அசைஞ்சிடுறாங்க. போன வாரம் கேப்டன் பெல் வந்தார், தாடியைத் தடவாம அவரால இருக்க முடியல, தாடி இருக்கிற இடத்தில ஒரு புகைதான் விழுந்திருக்கு. இன்னைக்கு வந்து வாங்கிக்கிறேன்னார், எங்க வர்றது. காத்து திரும்பிடுச்சுன்னு இன்னைக்கே கிளம்புறாராம்."

டார்கஸ் கவட்டையிலிருந்து தலையை எடுத்தாள். "நாளைக்குன்னுதானே சொன்னாங்க."

"நாளைக்குத்தான் இருந்தது. மதியம் தண்ணி வடியத் தொடங்கினதும் கிளம்பிடுவார். இந்தக் காத்தை விட்டா அப்புறம் அவருக்குத் தெற்கே போக வழியில்ல, பனி வந்திடும்."

ஜோசையா புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "தெரியும்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா மிஸ்டர் வின்டன்?" பிள்ளைக்கு முன்னாலும் தனியாக இருக்கும்போதும் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்த ஊரில் அதுதான் வழக்கம்.

"காலையில கப்பல்ல இருந்து ஆள் வந்தான். பெட்டியை அவன்கிட்டயே கொடுத்து ஏத்தச் சொல்லிட்டேன். இடம் பேசியிருக்கு. இங்க முடிச்சிட்டு நேரா துறைக்குப் போயிடலாம், கீழதானே இருக்கு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இங்க வந்திருக்க மாட்டே, டார்கஸ்." அவர் அதை மெதுவாக, உண்மையாக, ஒளிக்காமல் சொன்னார். "இன்னும் நேரம் இருக்கு. ஒரே ஒரு தட்டு."

"மேகம் விலகுது பாருங்க," என்றார் க்ரோவ் கூரையைக் காட்டி. "இப்ப எடுத்தா அருமையா விழும். மூணு நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும், மேகம் திரும்பினா கொஞ்சம் மேல போகலாம், அவ்வளவுதான்."

மதிய மணி இன்னும் எங்கேயும் அடிக்கவில்லை. லிடியா கன்னத்தை மறுபடி அப்பாவின் முழங்காலில் வைத்துவிட்டாள், யாரும் சொல்லாமலே. "நான் இந்தத் தடவை இரும மாட்டேம்மா," என்றாள். டார்கஸ் பின்னால் சாய்ந்தாள். இரும்பு இப்போது அவள் சூட்டை வாங்கிக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. மூடி திறந்தது.

இந்தத் தட்டு முடியட்டும். முடிந்ததும் தொப்பியைக்கூடக் கட்ட வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். மூன்று மாடி, அப்புறம் கயிற்றுக்கடை, அப்புறம் பலகைத் துறை. டாக்டர் உறைபனிக்கு முன்னால் அனுப்ப வேண்டும் என்றுதான் சொன்னார், அது ஆகஸ்டில், ஜன்னலோரம் நின்று, குழந்தைக்குக் கேட்காமல். தெற்கே அவள் தங்கை மெர்சி இருக்கிறாள், சவானாவில், அங்கே குளிர்காலத்திலும் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவார்களாம், ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டால் நெஞ்சு ஆறும் என்றார். அனுப்பலாம், கட்டாயம் அனுப்பலாம் என்றார் ஜோசையா, இந்த அத்தியாயம் முடியட்டும். செப்டம்பரில் ஒரு கப்பல் போயிற்று. அந்த அத்தியாயம் முடிந்தது, அடுத்தது நடுவில் நின்றது, வாரா வாரம் பாஸ்டனுக்குப் போக வேண்டிய தாள், இன்னும் ஒன்று முடியட்டும் என்றார். அவள் வீட்டில் இல்லையென்றால் எனக்கு எழுத வராது டார்கஸ் என்றார் ஒருநாள், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு. அதை அன்பு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டாள். அன்பும்தான். முதுகு நமநமக்கிறது, அசையக்கூடாது. காலைச் சாப்பாட்டில் கேட்பார், ராத்திரி எப்படி இருந்தா என்று. தகப்பன் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்வாள், விடியும்வரை இருமினாள், தலையணையில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு, தண்ணீர் கேட்டு எழுந்தவள் 'நான் போயிட்டா பூனைக்கு யாரும்மா பால் வைப்பாங்க' என்று கேட்டாள் என்று. சனிக்கிழமை தாளில் அந்தப் பூனை இருந்தது. பூனையின் பெயரைக்கூட மாற்றவில்லை. அப்புறம்தான் அவள் பொய் சொல்லத் தொடங்கினாள். நல்லாத் தூங்கினா மிஸ்டர் வின்டன், முட்டை கேட்டுச் சாப்பிட்டா, வேலிவரைக்கும் ஓடினா. ரூத்துக்கு உடம்பு தேறிற்று. ரூத் வேலிவரை ஓடினாள். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது, மீன்காரி ஒரு மீனைச் சும்மா கொடுத்தாள். அந்த வாரங்களில் லிடியாவுக்கும் கொஞ்சம் தேறியதுபோல் அவளுக்குத் தோன்றியது, தான் சொன்ன பொய்யை அவர் எழுத, அவர் எழுதியதைக் குழந்தையின் உடம்பு கேட்கிறதோ என்று, படிக்காதவள் நினைக்கிற மாதிரி நினைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். இருந்தாலும் நினைத்தாள். பதிப்பாளர் கதை தொய்கிறது என்று எழுதினார். அன்றிரவிலிருந்து அவரே எழுந்து வந்து குழந்தையின் அறைவாசலில் மெழுகுவர்த்தி இல்லாமல் நிற்க ஆரம்பித்தார். இருட்டில் அவர் உதடு அசைகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மேலேயிருந்து இறங்கிவந்தார், முகம் வெளுத்திருந்தது, முடிஞ்சது டார்கஸ் என்றார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார், இனி லிடியா போகலாம் என்றார். ரூத் செத்துவிட்டாள் என்று அர்த்தம். இனி குழந்தை தேவையில்லை. இனி இந்தப் படம் மட்டும். இப்போது கண்கள் உலர்ந்து எரிகின்றன, கொட்டலாம் என்றார், கொட்டினாள். கீழே தெருவில் ஏதோ சங்கிலிச் சத்தம். பீப்பாய் வண்டி. பீப்பாய் வண்டியின் பின்கதவுச் சங்கிலி அப்படித்தான் கேட்கும். ஆட்கள் சேர்ந்து இழுக்கும் சத்தம், ஓ என்று ஒரு குரல், ஓ என்று பல குரல். துறைமுகத்தில் எப்போதும் யாராவது எதையாவது இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். திரும்பிப் பார்த்தால் சன்னல் தெரியும். திரும்பினால் தட்டு போய்விடும், தட்டு போனால் இன்னொன்று எடுக்க வேண்டும், இன்னொன்று எடுத்தால் நேரமாகும், ஆகவே திரும்பாமல் இருப்பதுதான் சீக்கிரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இந்தத் தட்டு முடியட்டும். யாரோ இதே மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறாள், இதே மெதுவான குரலில், இதே நியாயத்தோடு. யார் என்று நினைவுக்கு வருவதற்குள் கழுத்தில் இரும்பு இன்னும் இறுகியது, அல்லது அவள்தான் அதில் இன்னும் சாய்ந்தாள். குழந்தை இருமவில்லை. எவ்வளவு சமர்த்து. வகிடுகூட அசையவில்லை. மூச்சையே அடக்கிக்கொண்டிருக்கிறாளோ, அப்படி அடக்கக்கூடாது, அப்புறம் மொத்தமாக வரும்.

க்ரோவ் மூடியைப் போட்டார். "அசையல," என்றார் மரியாதையாக. "ஒருத்தரும் அசையல. இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததில்ல."

டார்கஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு லிடியாவின் கையைப் பிடித்தாள். ஜோசையா, தட்டு வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றார். க்ரோவ் திரைக்குப் பின்னால் போய்ப் படம் தெளிவதற்குப் பாதரசத்தைச் சூடாக்கினார், ஸ்பிரிட் விளக்கின் வாசனை வந்தது. அவள் நிற்கவில்லை, சன்னலுக்குத்தான் போனாள். துறையில் மற்றப் பாய்மரங்கள் இருந்தன. கேப்டன் பெல்லின் கப்பல் கட்டியிருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது, அதன்மேல் ஒரு கடற்காக்கை. கலங்கரைக்கு அப்பால், தீவு திரும்பும் இடத்தில், இரண்டு பாய்களும் விரிந்து அது போய்க்கொண்டிருந்தது. கூப்பிடுகிற தூரத்தில் இல்லை. படகு வைத்துப் பிடிக்கிற தூரத்திலும் இல்லை. அந்தச் சிவப்புத் துணி, கம்பளிக் காலுறைகள், இரவு உடுப்புகள் எல்லாம் அதில் போகின்றன. மெர்சி பெட்டியைத் திறப்பாள்.

"நேரம் இருக்குன்னு அந்தக் கப்பல் ஆள் சொன்னானே," என்றார் ஜோசையா, அவள் பின்னால் வந்து நின்று. அவர் முகம் உண்மையாகவே இடிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவர் உதடு இன்னும் அசையவில்லை. சீக்கிரம் அசையும்.

க்ரோவ் ஈரத் தட்டை ஓரங்களில் பிடித்துக்கொண்டு வந்தார். "பார்க்கலாம், தொடாதீங்க. கண்ணாடி போடுற வரைக்கும் விரல் பட்டாலே அழிஞ்சிடும்." வெள்ளியில் மூவரும் இருந்தார்கள். புத்தகத்தின் விளிம்பு, அவள் கழுத்துப் பட்டையின் லேஸ், லிடியாவின் வகிடு, எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல். "ஒரே ஒரு குறை," என்றார் க்ரோவ். "பாப்பா கண்ணு. கொட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. உருட்டியிருக்கு, அந்தப் பக்கமா, மெதுவா. பாருங்க, கண்ணு இருக்க வேண்டிய இடத்தில ரெண்டு கோடுதான் இழுத்திருக்கு. எதைப் பார்த்தே பாப்பா?"

"கப்பலை," என்றாள் லிடியா.

டார்கஸ் சன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது கிளம்புறப்பவே பார்த்தேன். பாய் விரிச்சாங்க. அப்புறம் கலங்கரை விளக்குக்குப் பின்னால போச்சு, மறுபக்கமா வந்துச்சு." அம்மாவைப் பார்த்தாள். "பேசக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல."

ஜோசையா தட்டின்மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். டார்கஸுக்கு அந்தப் பார்வை தெரியும், காலைச் சாப்பாட்டு மேசையில் பார்க்கும் பார்வை. "செதுக்குறவர்கிட்ட சொல்லிக்கலாம்," என்றார் க்ரோவிடம். "கண்களை மூடினாப்பல செதுக்கச் சொல்லிடலாம். அதுவும் பொருத்தமாத்தான் இருக்கும்."

"கொடுங்க, பார்க்கிறேன்," என்றாள் டார்கஸ்.

க்ரோவ் கொடுத்தார். அவள் ஓரங்களில் பிடிக்கவில்லை. கட்டைவிரலை வகிட்டில் வைத்து, நெற்றி வழியாக, அந்த இரண்டு கோடுகள் வழியாக, கன்னம் வழியாக ஜோசையாவின் முழங்கால்வரை மெதுவாக இழுத்தாள். மாவைத் துடைப்பதுபோல்தான் இருந்தது. விரல் போன இடத்தில் வெறும் வெள்ளி பளபளத்தது, அதில் கூரையின் மேகமும் அவள் முகத்தில் ஒரு துண்டும் தெரிந்தன. பக்கத்தில் அவரும் அவர் புத்தகமும் அப்படியே, கூர்மையாக, இருந்தார்கள். தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"டார்கஸ்," என்றார் அவர்.

அவள் லிடியாவுக்குத் தன் சால்வையைச் சுற்றினாள். பெட்டியில் போனது போக வீட்டில் கம்பளி என்று இனி அது ஒன்றுதான். கழுத்தின் இரண்டு பக்கமும் கவட்டை அழுத்திய இடம் கன்றிப்போய் எரிந்தது. படிக்கட்டு செங்குத்தாக இருந்தது, இருட்டாகவும். முதல் வளைவில் கடற்காற்று கீழிருந்து ஏறிவந்து முகத்தில் அடித்தது, அதில் உறைபனியின் வாசனை இருந்தது. லிடியா நின்றாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

"என்னடா?"

உதட்டைக் கொஞ்சமாகத் திறந்து, மூச்சை விடாமல், குழந்தை கேட்டது. "இப்ப இருமலாமாம்மா?"

"இருமு," என்றாள் டார்கஸ்.